சிப்பித்திட்டுப் படகின் பெட்ரோல் முள்

சிப்பித்திட்டிலிருந்து கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகில் பெட்ரோல் முள் பழுதானது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து அது டாங்கில் இருக்கும் பெட்ரோலைக் காட்டுவதை விட்டுவிட்டு, படகில் ஏறி உட்காருகிறவருக்குத் திட்டுக்குத் திரும்பி வர எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதைக் காட்டத் தொடங்கிவிட்டதாக ஊர் முடிவு செய்தது, ஊர் முடிவு செய்த பிறகு அதை யாரும் மறுபடி யோசிக்கவில்லை. திட்டில் அறுபது வீடு, ஒரு மாதா கோயில், ஒரு தண்ணீர்த் தொட்டி, வலை காயும் மணல், அவ்வளவுதான். கரைக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும், அதற்கு இருந்ததும் இந்த ஒரே மோட்டார் படகுதான். புயல் நிவாரணமாக வந்த படகு அது, சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரியும், வட்டக் கண்ணாடிக்குள் முள் எழும். அதற்கு முன் ஊரில் எந்தப் படகுக்கும் முள் கிடையாது, மூங்கில் குச்சியை டாங்குக்குள் விட்டு நனைந்த இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அதனால் கண்ணாடிக்குள் இருக்கும் எதையும் மதிக்க ஊர் ஏற்கெனவே தயாராக இருந்தது.

படகை ஓட்டியவன் இன்னாசி. அதிகம் பேசாதவன், பேசாதவன் என்பதாலேயே நல்லவன் என்று பெயர் வாங்கியவன். அந்தச் செவ்வாய்க்கிழமை கோயில் உபதேசியாரைக் குடலிறக்க ஆபரேஷனுக்குக் கொண்டுபோனான். சிறுவயதில் இன்னாசிக்கு ஜெபமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த மனிதர், பிழைத்து வருவது கஷ்டம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். டாங்கில் ஒரு விரல் அளவு பெட்ரோல்தான் இருந்தது, அவர் நடுப்பலகையில் உட்கார்ந்ததும் முள் முழுசுக்கு எழுந்து நின்றது. இன்னாசி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான், முள் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் உபதேசியார் தையலோடு திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமை பாட்டும் பாடினார். அதே வாரம் தடுப்பூசி போட வந்த நர்சம்மா, கரையில் வெற்றிலை துப்பியதற்காக இன்னாசியை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் படகேறினாள். டாங்கு நிறைய பெட்ரோல் இருந்தும் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது, அவளுக்கு மாற்றல் வந்து அப்படியே போனவள்தான். பிறகு அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவன் ஒருவன், அவனுக்கும் பூஜ்யம், அவனும் வரவில்லை. மூன்று தடவை நடந்தால் சிப்பித்திட்டில் அது வழக்கம்.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. போகிறவர் ஒவ்வொருவராக நடுப்பலகையில் உட்கார வேண்டும், இன்னாசி சுக்கானைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும், கரையில் நிற்கிறவர்கள் “எவ்வளவு?” என்று கேட்க வேண்டும், இன்னாசி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. முழுசு என்றால் வழியனுப்ப வந்தவர்கள் அப்போதே அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அரை என்றால் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள், கால் என்றால் போகிறவரின் கோழியை யாராவது பார்த்துக்கொள்வதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். பூஜ்யம் என்றால் படகை அரை மணி நேரம் நிறுத்திவைத்து, கருவாட்டுக் குழம்போடு சோறு போட்டு, கையைப் பிடித்து அழுது, நல்லா இரு என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாளே அவருடைய பண்ட பாத்திரங்களையும் கோயிலில் அவர் உட்காரும் இடத்தையும் தேவைப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வராதவரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பது ஊருக்கு ஆகாது என்பது ஊர்த்தலைவர் தொம்மையின் வாதம். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நல்ல எண்ணத்தில்தான் அவ்வளவும் நடந்தது.

பெண் கேட்டு வருகிற கரைக்கார மாப்பிள்ளைகளை முதலில் பலகையில் உட்கார வைத்துத் திட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு கொண்டுபோனார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் உட்கார்ந்தபோது முள் பூஜ்யத்துக்கும் கீழே போகப் பார்த்து ஆணியில் முட்டிக்கொண்டு நின்றது, இதுக்கு மீட்டர் வேற வேணுமா என்று பெண்கள் சிரித்தார்கள். ஒரு முறை கசாப்புக்கு விற்ற வெள்ளாடு பலகைமேல் ஏறி நின்றுகொண்டது, தினமும் இன்னாசியின் கையிலிருந்து பிளாஸ்டிக் பையைப் பிடுங்கித் தின்னும் ஆடு. முள் முழுசுக்குப் போனது. ஆடு திரும்பி வரவில்லை. ஆசை இருந்தால் மட்டும் போதுமா, ஆட்டுக்கு யார் படகு விடுவார்கள் என்று ஊர் அதையும் சமாதானம் செய்துகொண்டது.

இப்படி ஒரு வருஷம் போன பிறகு இன்னாசியின் மனைவி செசீலி படகேறினாள். எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்து, கோயிலுக்குப் பின்னால் மணலில் அதை அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாற்பது நாள் என்னோடு வந்து இரு என்று கரையிலிருந்து அவள் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். செசீலி ஒரு பையோடு நடுப்பலகையில் உட்கார்ந்தாள், இன்னாசி சாவியைத் திருப்பினான். முள் எழவே இல்லை.

கரையில் யாரும் கேட்கவில்லை. இன்னாசிதான் வழக்கப்படி, “பூஜ்யம்” என்று சொன்னான்.

செசீலி அவனைப் பார்த்தாள். “நாப்பது நாள்ல வந்துருவேன்” என்றாள். அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். அவள் சாப்பிடவில்லை.

தாய்வீட்டுக்குப் போன பெண் தானாகத் திரும்பி வருவதில்லை, புருஷன் போய் அழைத்து வர வேண்டும், அது அந்தக் கடற்கரை முழுக்க உள்ள முறை. நாற்பதாம் நாள் செசீலி பையை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள், ஐம்பதாம் நாளும் உட்கார்ந்திருந்தாள். முள் சொல்லிவிட்ட பிறகு போய்க் கூப்பிட்டு அவமானப்படுவதா என்று இன்னாசி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். மீன் விற்கப் போனவர்கள் அவளுடைய தையல் மிஷின் தலைவர் வீட்டு மருமகளுக்குப் போய்விட்டதை அவளிடம் சொன்னார்கள், அதன் பிறகு அவள் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். இப்படி நான்கு வருஷம் ஓடியது. இருவருக்கும் வலித்தது, இருவருமே அதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்கு வருஷம் கழித்து, ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு திங்கட்கிழமை, செசீலி தலைவர் தொம்மைக்குப் போன் செய்தாள். “அம்மா தவறிட்டாங்க. நான் வீட்டுக்கு வரணும். வெள்ளிக்கிழமை காலையில படகுத்துறையில வந்து நிப்பேன், படகு அனுப்பச் சொல்லுங்க மாமா” என்றாள்.

தொம்மைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூஜ்யம் விழுந்தவர்கள் அதுவரை பதினோரு பேர், ஒருவர்கூடத் திரும்பியதில்லை. கருவாட்டுக் குழம்பும் ஊற்றி, சட்டி பானையையும் பங்கு போட்ட பிறகு எவன் திரும்பி வருவான் என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. இப்போது ஒருத்தி வருகிறேன் என்கிறாள். அவள் வந்தால் மீட்டர் பொய், மீட்டர் பொய் என்றால் பதினோரு வாசலில் போய் நின்று பதில் சொல்ல வேண்டும். மீட்டர் மெய் என்றால் அவள் சொல்வது பொய், மனசில்லாமல் வருகிறவளை எதற்காக ஏற்ற வேண்டும்? அன்று சாயங்காலம் ஊர் கோயில் முன்னால் கூடிப் பேசியது, மீட்டரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் படகு போகும் என்று முடிவானது. இன்னாசியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று இரவு அவன் தட்டுச் சோற்றைத் தொடாமல் மூடி வைத்தான்.

புதன்கிழமை கரையிலிருந்து ஜெய்லானி பாய் வந்தார். படகு எஞ்சின் வேலையில் அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது, எந்நேரமும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். முள் எதைக் காட்டுகிறது என்று ஊர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார், சிரிக்கவில்லை.

“காட்டட்டும் தலைவரே. எதைக் காட்டுதுங்கறது உங்க பாடு. ஏன் காட்டுதுன்னு பாக்குறது என் வேலை” என்றார்.

முதலில் டெஸ்ட் லாம்ப் வைத்து மீட்டருக்குக் கரண்டு வருகிறதா என்று பார்த்தார், வந்தது. எர்த் வயரின் நுனியில் உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது, உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி மறுபடி முடுக்கினார். மீட்டருக்கு டாங்கிலிருந்து வரும் வயரைக் கழற்றி இரும்பில் தொட்டதும் முள் சடாரென்று முழுசுக்குப் போனது, எடுத்ததும் கீழே விழுந்தது, ஆக மீட்டர் நல்ல மீட்டர். டாங்கைத் திறந்து உள்ளே பெட்ரோலோடு ஏறி இறங்கும் மிதவையை வெளியே எடுத்துக் கையால் தூக்கியும் தாழ்த்தியும் காட்டினார், முள் அதைச் சட்டை செய்யவில்லை. அப்போது இன்னாசியைச் சுக்கானைப் பிடிக்கச் சொல்லி, தொம்மையைப் பலகையில் உட்கார வைத்தார்கள். மிதவை பாயின் கையில் தொங்கிக்கொண்டிருக்க, முள் நிதானமாக முழுசுக்கு ஏறி நின்றது.

“நாங்க சொன்னோம்ல” என்றார் தொம்மை, திருப்தியாக. படகு வந்த நாளில் அதை இன்னாசியிடம்தான் கொடுக்க வேண்டும் என்று ஊரை எதிர்த்துப் பேசி வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

பாய் புது மிதவை போட்டார், அதே கதை. புது வயர் இழுத்தார், அதே கதை. வியாழக்கிழமை கரைக்குப் போய்ப் புது மீட்டரே வாங்கி வந்து மாட்டினார், பழைய முள் எங்கே நின்றதோ புது முள்ளும் அங்கேயே நின்றது. பலகையில் ஓர் அரிசி மூட்டையை வைத்தார், முள் தூங்கியது. உபதேசியாரை உட்கார வைத்தார், முழுசு. வலை வைக்கும் இடத்துக்காக இன்னாசியோடு மூன்று மாதமாகச் சண்டையில் இருந்த பத்திநாதனை உட்கார வைத்தார், கால் கோட்டுக்கும் கீழே. பத்திநாதனின் மனைவி கரையிலிருந்து, “எங்கய்யா போகப் பாக்குற?” என்று கத்தினாள். அந்த மனிதர் திட்டை விட்டு ஒரு நாளும் வெளியில் தங்கியதில்லை.

பாய் மணலில் உட்கார்ந்து டீ கேட்டு வாங்கிக் குடித்தார். கூட்டம் சுற்றி நின்றது.

“பழுது பாக்குறதுல ஒரே ஒரு சட்டம்தான் இருக்கு” என்றார். “ஒன்னை மாத்து, மத்ததெல்லாம் இருந்தபடி இருக்கட்டும். எதை மாத்துனா பழுது மாறுதோ அதுலதான் பழுது. மீட்டர மாத்தியாச்சு. மிதவைய மாத்தியாச்சு. வயர மாத்தியாச்சு. பலகையில ஆளை நீங்களே அஞ்சு வருசமா மாத்திக்கிட்டு இருக்கீங்க. இதுல மாத்தாதது எது?”

பெண்கள் சிலர் மெல்ல இன்னாசியின் பக்கம் திரும்பினார்கள்.

“இறங்குப்பா” என்றார் பாய். இன்னாசி இறங்கினான். அவர் ஏறிச் சுக்கானைப் பிடித்தார், தொம்மையை மறுபடி பலகையில் உட்காரச் சொன்னார், சாவியைத் திருப்பினார். ஐந்து வருஷமாக முழுசைத் தவிர வேறு எதையும் பார்த்திராத தொம்மைக்கு முள் கால் கோட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றுவிட்டது.

“கோவிச்சுக்காதீங்க தலைவரே. உங்க மேல எனக்கு அவ்வளவுதான். நேத்துதானே பழக்கம்.”

பிறகு தொம்மையின் மனைவியைக் கூப்பிட்டுச் சுக்கானைப் பிடிக்கச் சொன்னார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே பிடித்தாள். முள் அரையில் நின்று, பிறகு எதையோ நினைத்துக்கொண்டது போல் கொஞ்சம் இறங்கியது. முப்பத்தெட்டு வருஷக் குடும்பம் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்து உருண்டது, தொம்மையே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினார்கள். நர்சம்மா இன்னாசியைத் திட்டியவள். அடுப்பு ரிப்பேர்காரன் அவன் ஸ்டவ்வைக் கெடுத்துவிட்டுப் போனவன். வேட்பாளர் அவன் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு பெயரைக்கூடக் கேட்காதவர். வெள்ளாட்டை அவனுக்குப் பிடிக்கும். யார் வர வேண்டும் என்று இவன் நினைத்தானோ அவர்களுக்கு முள் ஏறியிருக்கிறது, யார் தொலைந்தால் சரி என்று நினைத்தானோ அவர்களுக்கு விழுந்திருக்கிறது, விழுந்தவர்களின் சட்டி பானையை ஊர் பங்கு போட்டிருக்கிறது. எண்ணிக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் மிஞ்சிய செசீலியின் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னாசி கால் நனைய நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் பேசினான், அத்தனை பேர் முன்னால் அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“மாமா, அவ மேல எனக்கு வெறுப்பு இல்ல. மூணு மாசம் அழுதா. விடிஞ்சா அழுகை, பொழுது போனா அழுகை. எனக்கும் அழணும்போல இருக்கும், அவ அழும்போது நான் எங்க அழுறது? அன்னிக்குச் சாவியத் திருப்பும்போது கொஞ்ச நாளு சத்தம் இல்லாம இருக்கும்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன். முள்ளு எந்திரிக்கல. அவளுக்குத்தான் மனசு இல்லைன்னு நானே நம்பிட்டேன்.”

நம்பியது அவனுக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது. அதை அவன் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்திருந்தது, முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. தொம்மை தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நேராக வீட்டுக்குப் போய் மருமகளிடம் தையல் மிஷினைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கரைக்குத் திரும்ப வேண்டிய ஜெய்லானி பாய் இன்னாசியோடு படகேறினார். பாதி வழியில், “வேணும்னா நான் ஓட்டிக்கிட்டு வந்து விட்டுட்டுப் போறேன். எனக்கு அந்தப் பொண்ணை முன்னப்பின்னத் தெரியாது. முள்ளு பாட்டுக்கு நடுவுல எங்கயாச்சும் நிக்கும், ஒருத்தருக்கும் சங்கடம் இல்ல” என்றார்.

“வேணாம் பாய். எதுவோ அதைக் காட்டட்டும்” என்றான் இன்னாசி.

செசீலி படகுத்துறையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், முன்மண்டையில் நரை தெரிந்தது. பாய் இறங்கிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னாசி பையை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மீட்டரை மாற்றியதை, வயரை மாற்றியதை, கடைசியில் தன்னை மாற்றிப் பார்த்ததை.

“அப்ப அன்னிக்கு விழுந்த பூஜ்யம் உங்களோடதா?”

“ஆமா.”

“நாலு வருசமா நான் என்னையவே கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கே தெரியாம எனக்கு மனசு இல்லாமப் போச்சான்னு. பைத்தியக்காரி மாதிரி கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு படகில் ஏறி, நடுப்பலகையைத் தாண்டிப் பின்னால் போய்ச் சுக்கானைப் பிடித்தாள். படகுக்காரன் மகள், சிறுவயதிலிருந்தே ஓட்டத் தெரியும்.

“நீங்க அங்க உக்காருங்க” என்றாள்.

இன்னாசி நடுப்பலகையில் உட்கார்ந்தான். அத்தனை வருஷத்தில் அவன் அதில் உட்கார்ந்ததே இல்லை. செசீலி சாவியைத் திருப்பினாள், சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் பிடித்தது. முள் பூஜ்யத்தில் கிடந்தது. அது எழும் என்று இருவரும் சிறிது நேரம் பார்த்தார்கள். அது எழவில்லை.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இறங்கிக்கிறீங்களா?”

“இல்ல.”

“அப்ப பிடிச்சு உக்காருங்க” என்று சொல்லி அவள் படகைத் திருப்பினாள். முள் பூஜ்யத்தில் கிடக்க, படகு நேராகச் சிப்பித்திட்டைப் பார்த்துப் போனது. பாதி வழி வரை காற்று ஈரமாக அடித்துக்கொண்டிருந்தது.

“அடுத்த வாரம் கல்லறைத் திருநாள்” என்றாள் செசீலி. “இத்தனை வருசம் பிள்ளைக்கு யாரு மெழுகுவத்தி ஏத்துனா?”

“நான்தான்.”

“எல்லா வருசமுமா?”

“எல்லா வருசமும். மழை பெஞ்ச வருசம் குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அது எரிஞ்சு முடியிற வரைக்கும்.”

செசீலி கண்ணைத் துடைக்கச் சுக்கானிலிருந்து ஒரு கையை எடுத்தாள், படகு கொஞ்சம் ஆடியது, மறுபடி நேராக்கினாள். இன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான்கு வருஷமும் அதற்கு முந்தைய மூன்று மாதமும் அழாத அழுகையை வாய்விட்டு அழுதான், எஞ்சின் சத்தத்தையும் மீறி அது அவளுக்குக் கேட்டது. அதன் பிறகு முள் எங்கே நின்றது என்று இருவரும் பார்க்கவில்லை.

திட்டின் கரையில் ஊரே நின்றிருந்தது. சுக்கானில் செசீலி இருப்பதையும் பலகையில் இன்னாசி இருப்பதையும் பார்த்துக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. ஐந்து வருஷப் பழக்கம் விடுமா, தொம்மை தன்னையும் அறியாமல், “எவ்வளவு?” என்று குரல் கொடுத்துவிட்டார்.

செசீலி எஞ்சினை நிறுத்தினாள்.

“வந்துட்டேன்ல மாமா. அப்புறம் என்ன எவ்வளவு?” என்று சொல்லிவிட்டுக் கயிற்றை வீசினாள். பிடிக்க வேண்டும் என்று கரையில் யாருக்கும் தோன்றவில்லை, கயிறு தண்ணீரில் விழுந்தது. இன்னாசி இடுப்பளவு தண்ணீரில் குதித்து அதைப் பிடித்து இழுத்தான்.